கற்றமரானுக்கு எந்தப் பக்கம்?

அன்புள்ள அக்கா,
நான் களுதாவளையில இருந்து எழுதிறன். தங்கச்சிக்கு வீட்டில இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிற எனக்கே இப்ப குழப்பம். சீ, ஏ, ரீ, ஏ எண்டு தொடங்கிற சொல்லெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வெச்சிருக்கம். கற்றராக்ட், கற்றகிளிசம், கற்றாஸ்ட்ரஃபி, கற்றலெப்சி, கற்றகிறீசிஸ், கற்றமரான். ஒண்டப் பாடமாக்கினா மத்தது மறந்து போகுது. நெற்றில பார்த்தா ‘கற்ற’ எண்டா கிரேக்கத்தில ‘கீழ’ எண்டு போட்டிருக்கு. அப்ப கற்றமரானில என்ன கீழ போகுது? லேசான வழி இருந்தா சொல்லுங்க.
— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கற்றமரானில ஒண்டும் கீழ போகல்ல, அது நம்மட சொல். கட்டுமரம். மரத்த மரத்தோட கயித்தால கட்டிறது, அவ்வளவுதான். வில்லியம் டாம்பியர் எண்ட இங்கிலீஷ் மாலுமி 1697இல வந்த தன்ர பயணப் புத்தகத்தில, சோழமண்டலக் கரையில இதக் கற்றமரான் எண்டு சொல்றாங்க எண்டு எழுதியிருக்கார். பிறகு 1876இல அமெரிக்காவில ஹெரெஷாஃப் எண்டவர் ரெண்டு ஓடம் பக்கம் பக்கமாப் பூட்டின ‘அமரிலிஸ்’ எண்ட பாய்ப்படகைக் கட்டினார், மறுகா அந்தப் பேர் ரெட்டைப் படகோட ஒட்டிக்கிட்டுது. இப்ப இங்கிலீஷ்காரன் கற்றமரான் எண்டா அவன்ட கண்ணில வாறது நம்மட கரையில கிடந்த மரமில்ல.

அதால முதல் வேலையா கொப்பியில தனிப் பக்கம் ஒண்டு போடுங்க, எழுத்து மட்டும் ஒண்டா இருந்து தாய் வேறயான சொல்லுக்கு. கற்றமரான் அதில. கற்றல்பா எண்டொரு பூமரம் இருக்கு, அது அமெரிக்கப் பழங்குடிகள்ட மொழியில இருந்து வந்தது, அதுவும் அதில. கற்றமவுண்ட் எண்டா மலைப்பூனை, ‘கற்’ எண்ட பூனைதான் முன்னுக்கு நிக்குது, அதுவும் அங்கதான்.

மிச்சம் கிரேக்கம். இதுகளப் பாடமாக்காதீங்க, சொல்லுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாருங்க. கற்றராக்ட் எண்டா முதல்ல நீர்வீழ்ச்சி, தண்ணி மேல இருந்து இறைஞ்சு விழுறது. நைல் ஆத்தில அஸ்வானுக்கும் கார்ட்டூமுக்கும் நடுவில பாறையில மோதிப் பாயிற ஆறு இடத்துக்கும் இதுதான் பேர். அம்மாட கண்ணில வெள்ளை படர்ந்து கிளினிக் துண்டில இந்தச் சொல்ல எழுதித் தந்தப்ப, கண்ணுக்கும் நீர்வீழ்ச்சிக்கும் என்ன உறவு எண்டு நான் கன நாள் யோசிச்சிருக்கன். அரபு வைத்தியர்மார் அந்தக் காலத்தில, கண்ணுக்குள்ள தண்ணி இறங்கி நிக்கிறதாலதான் பார்வை மறைக்குது எண்டு நம்பினாங்க. 11ஆம் நூற்றாண்டில அவங்கட நூல்கள லத்தீனுக்கு மாத்தினப்ப ‘இறங்கிற தண்ணி’க்கு இந்தச் சொல்லப் போட்டாங்க. உண்மையில அங்க தண்ணி ஒண்டும் இல்ல, கண்ணுக்குள்ள இருக்கிற வில்லைதான் மங்குது. பிழையான வைத்தியம் போயிட்டு, சொல் நிண்டுட்டுது.

கற்றகிளிசமும் கற்றாஸ்ட்ரஃபியும்தான் எல்லாரும் மாத்திப் போடுற சோடி. ரெண்டையும் ‘பேரழிவு’ எண்டு எழுதினா வித்தியாசம் செத்துப் போகும். முதலாவதுக்குள்ள இருக்கிறது கழுவிறது, அடிச்சுக் கழுவிக்கொண்டு போற வெள்ளம். பைபிளின்ட பழைய கிரேக்கப் பிரதியில நோவாட வெள்ளத்துக்கு இந்தச் சொல்தான் நிக்குது. ரெண்டாவதுக்குள்ள இருக்கிறது கிறுகிறது. நாம ‘கிறுகிப் பாரு’ எண்டு சொல்றமே, அதே கிறுகல், தலைகீழாக் கிறுகிறது, கிரேக்க நாடகத்தில கதை கடைசியாக் கிறுகிற இடத்துக்கு இந்தப் பேர். 2004 மார்கழி 26 நாவலடியில நடந்தத நினைச்சா எனக்கு முதலாவது சொல்தான் வரும், கடல் வந்து கழுவிப்போட்டுது. 1978 கார்த்திகை 23 சூறாவளிக்கு, மட்டக்களப்பில ஒரு ராவுக்குள்ள தென்னை எல்லாம் சாஞ்சு ஊர்ப் பிழைப்பே தலைகீழானதுக்கு, ரெண்டாவது. இது என்ட கணக்கு. அகராதி இவ்வளவு இறுக்கமாப் பிரிக்காது, ஆனா தங்கச்சிக்கு இனி மாறாது.

கற்றலெப்சி, ‘பிடிச்சு வைக்கிறது’. உடம்ப ஆரோ பிடிச்சு வெச்ச மாதிரி விறைச்சு, தூக்கின கை தூக்கினபடி நிக்கிற நிலை.

உங்கட லிஸ்டில எனக்கு ஆகப் பிடிச்சது கற்றகிறீசிஸ். இங்க ‘கற்ற’ கீழ இல்ல, பிழையா. சொல்ல அதுக்குரிய இடத்த விட்டு வேற இடத்தில பாவிக்கிறது. பழைய இலக்கணக்காரர் இத ஒரு பொருளுக்குச் சொந்தப் பேர் இல்லாத நேரத்தில வேறொண்டிட பேர இரவல் வாங்கிறதுக்கும் சொன்னாங்க. கதிரைக்குக் கால் எண்டு சொல்றம், அது நடக்குதா? நூல் கோர்க்கிற ஓட்டைய நாம ஊசிக்காது எண்டு சொல்றம், அதையே இங்கிலீஷ்காரன் ஊசிட கண் எண்டு சொல்றான். ஒரே ஓட்டை, ரெண்டு பேரும் முகத்தில இருந்துதான் எடுத்திருக்காங்க, வேற வேற இடத்தில. தங்கச்சிட்டக் கேளுங்க, இப்பிடி வேற என்ன என்ன நம்மட வாயில கிடக்கு எண்டு, அவ கட்டாயம் கண்டுபிடிப்பா.

ஒரு சொல் விட்டுட்டீங்க, கற்றபுல்ட். அதில ‘கற்ற’ எண்டா ‘எதிர’, மத்தது வீசிறது, எதிரிக்கு நேர வீசிறது. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழைய போர்ப்பொறி. நம்மட பொடியனுகள்ட கையில மாங்காய்க்குக் கல் எறியிற கெற்றப்போல் அதேதான். அத எழுதேக்க பக்கத்தில ஒரு கவர்க்கம்பும் ரப்பர் பட்டியும் கீறி விடச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா