காணாமல்போன இரவு உடை: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் வரலாற்றாய்வாளர் லூசி வொர்ஸ்லியின் மேடைப்பேச்சுக்குத் தோழிகளோடு போயிருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். பழைய கொலைகளையும் அந்தக் கால வீட்டு வாழ்க்கையையும் கலந்து சொல்கிறார். நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போது ஒரு நெருடல். யாரோ செத்ததை உட்கார்ந்து ரசித்துவிட்டு வருகிறோமோ? இது வரலாறா, வம்பா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த நெருடல் எனக்கும் உண்டு. அது இருக்கட்டும், நல்லதுதான். ஆனாலும் இதை வரலாறு என்றே சொல்வேன்.

வொர்ஸ்லி நெடுங்காலம் பிரிட்டிஷ் அரண்மனைகளின் தலைமைக் காப்பாட்சியராக இருந்தவர். 2011ல் பிபிசியில் படுக்கையறை, குளியலறை, சமையலறையின் வரலாற்றைச் சொன்னார். 2013ல் கொலைகளைப் பற்றிப் பேசினார். இரண்டும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. ஒரு வீட்டில் அழுக்குத்துணியை யார் எண்ணினார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அங்கே ஒரு கொலை நடந்துவிட்டால் அதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1860 ஜூன் 29 இரவு, இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமத்தில், தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் மகன் சேவில் தொட்டிலிலிருந்து காணாமல்போனான். நான்கு வயதுகூட நிறையவில்லை. மறுநாள் தோட்டத்துக் கழிப்பறையில் உடல் கிடைத்தது. அதிகாலையில் தொட்டில் காலியாக இருந்ததை ஆயா எலிசபெத் கஃப் பார்த்திருக்கிறாள். அம்மா எடுத்துப்போயிருப்பாள் என்று நினைத்து மறுபடி தூங்கிவிட்டாள். அதற்காகவே அவளைச் சந்தேகித்தார்கள்.

அந்த வீட்டில் யார் எங்கே படுத்தார்கள் என்று பாருங்கள். சேவிலின் அம்மா கென்ட்டின் இரண்டாம் மனைவி, முன்பு அதே வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவள். அவளும் அவள் பிள்ளைகளும் முதல் மாடியில். மூத்த தாரத்துப் பிள்ளைகள் அதற்கு மேல்மாடியில், வேலைக்காரிகளின் அறைகளை ஒட்டி. அந்த வீட்டின் மனத்தாங்கல் முழுக்க இதிலேயே இருக்கிறது.

லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜொனாதன் விச்சர் துணிக்கணக்கைத்தான் பிடித்தார். மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது 16. அவளுக்கு மூன்று இரவு உடைகள், இருந்ததோ இரண்டு. மூன்றாவது சலவைக்குப் போன இடத்தில் தொலைந்தது என்றாள். கொலைக்கு அடுத்த திங்கட்கிழமை சலவைக்கூடை கட்டும்போது கான்ஸ்டன்ஸ் தன்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பியதாக வேலைக்காரி சாரா காக்ஸ் சொன்னாள். கறைபட்ட உடையை மறைத்துவிட்ட கான்ஸ்டன்ஸ், கணக்கைச் சரிக்கட்ட அந்த இடைவெளியில் கூடையிலிருந்து ஒன்றை உருவி, பழியைச் சலவைக்காரி தலையில் போட்டுவிட்டாள் என்பது விச்சரின் கணிப்பு. ஆனால் காணாமல்போன துணி கடைசிவரை கிடைக்கவில்லை. கௌரவமான வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைக் கிளறிய போலீஸ்காரர் என்று விச்சருக்குத்தான் கெட்டபெயர். 1865ல் கான்ஸ்டன்ஸே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்.

சாரா காக்ஸ் கூடை கட்டிய அந்தத் திங்கட்கிழமை நமக்குத் தெரியவருவது இந்தக் கொலையால்தான். சேவில் கொடுத்த விலை அது. அதை மறந்துவிட்டுப் பேசினால் நீங்கள் சொல்வதுபோல வம்புதான்.

அப்புறம் ஒன்று. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒரு வழக்கைத் திறந்து, தீர்ப்பைப் பார்க்காமல் வேலைக்காரிகளின் சாட்சியத்தை மட்டும் வாசியுங்கள். வாசித்துவிட்டு எழுதுங்கள்.