மை பிளடி வேலன்டைன்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

கேள்வி: மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பத்தை இதுவரை போனில்தான் கேட்டுவந்தேன். இப்போது டர்ன்டேபிள் வாங்கிவிட்டேன். தேடினால் ஒரே ஆல்பத்துக்கு நாலைந்து பதிப்பு, ஒவ்வொன்றும் ஒரு விலை. எதை எடுப்பது?

உறையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பில் கலங்கித் தெரியும் அதே ஜாஸ்மாஸ்டர் கிட்டார்தான். தட்டின் பள்ளங்கள் எந்த மூல ஒலிப்பதிவிலிருந்து வெட்டப்பட்டன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1991 நவம்பரில் லண்டனின் கிரியேஷன் நிறுவனம் வெளியிட்டது முதல் அச்சு. அதன் எண் சி.ஆர்.இ.எல்.பி. 060. சேகரிப்பவர்கள் அதற்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள். கேட்பதற்காக வாங்குகிறவர் கொடுக்க வேண்டியதில்லை. 2018-ல் குழுவின் கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ் இந்த ஆல்பத்தையும் 1988-ல் வந்த 'இஸ்ன்ட் எனிதிங்'கையும் டிஜிட்டல் இடையில் வராமல் அனலாக் டேப்பிலிருந்தே வெட்டி, குழுவின் சொந்த வெளியீடாகக் கொண்டுவந்தார். 2021 மே மாதம் டொமினோ நிறுவனம் மறுபடி அச்சிட்டது. இங்கேதான் கவனம் தேவை. டொமினோவின் டீலக்ஸ் பதிப்பு முழு அனலாக். சாதாரணப் பதிப்பு உயர்தர டிஜிட்டல் மூலத்திலிருந்து வெட்டியது. விற்பவர்கள் பலர் 'டொமினோ 2021' என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். டீலக்ஸா, சாதாரணமா என்று கேட்டு வாங்குங்கள்.

என் தேர்வு டொமினோ டீலக்ஸ். 'டு ஹியர் நோஸ் வென்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். டிரம்ஸ் எங்கோ அடியில் கிடக்கும். ஷீல்ட்ஸ் கிட்டாரின் டிரெமோலோ தண்டை (சுருதியை அசைக்கும் பிடி) கையில் பிடித்தபடியே மீட்டுவதால் சுருதி ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருக்கும். அதற்குள்தான் பிலிண்டா புட்சரின் குரல். மட்டமான அச்சில் இவை எல்லாம் ஒன்றாகி வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலாகிவிடும். நல்ல அச்சில் குரல் தனியாக நிற்கும். சாதாரணப் பதிப்பும் மோசமில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் தயங்காமல் அதையே வாங்கலாம்.

கேள்வி: பழைய கிரியேஷன் அச்சு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 'விஜி பிளஸ்' தரம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

'விஜி பிளஸ்' மாதிரி, பழைய தட்டின் நிலையைச் சொல்லும் தரக் குறியீடு பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடுவது. இந்த ஆல்பத்துக்கு அது போதாது. மொத்தம் 48 நிமிடத்துக்கும் மேல் ஓடும் இசை ஒரே தட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 24 நிமிடம் என்பதால் பள்ளங்கள் நெருக்கமாகவே விழும். தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க ஒலி சிதைவது வினைலின் இயல்பு. தேய்ந்த ஊசியில் பலமுறை ஓடியிருந்தால் அந்தச் சிதைவு இன்னும் கூடும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'சூன்'. அதன் கடைசி இரண்டு நிமிடத்தை ஓடவிட்டு ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே கரகரப்பு இல்லையென்றால் மற்ற இடங்களைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம், லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் தெரியும். அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பதிப்பு விவரங்களைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். உறையை யாரும் பளபளவென்று நகலெடுத்துவிடலாம். இந்தப் பொறிப்பில்தான் போலிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: அபூர்வப் பாட்டுகளுக்காகப் பழைய இ.பி.க்களை (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடுகளை) ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். எதில் தொடங்குவது?

தட்டுகளைத் தேடி அலையும் முன் ஒரு பொருளை வாங்கிவிடுங்கள். 2012-ல் வந்த 'இபிஸ் 1988–1991', இரண்டு சிடி. பிறகு டொமினோவும் அதை வெளியிட்டது. 'யூ மேட் மீ ரியலைஸ்', 'ஃபீட் மீ வித் யுவர் கிஸ்', 'கிளைடர்', 'டிரெமோலோ' என்று கிரியேஷன் காலத்தின் நான்கு இ.பி.க்களும் முழுசாக அதில் இருக்கின்றன.

இந்தக் குழுவைப் பொறுத்தவரை இ.பி. என்பது ஆல்பத்தில் மிஞ்சியதைக் கொட்டும் இடம் இல்லை. 1988 ஆகஸ்டில் 'யூ மேட் மீ ரியலைஸ்' வந்தபோதுதான் அவர்களுடைய ஒலியே பிறந்தது. ஆல்பம் அதற்குப் பிறகுதான். அந்த இ.பி.யில் உள்ள 'ஸ்லோ', 'தார்ன்' இரண்டும் எந்த ஆல்பத்திலும் கிடையாது. 'சூன்' 1990-லேயே 'கிளைடர்' இ.பி.யில் வந்துவிட்டது. 'டிரெமோலோ'வில் உறையில் பெயர் இல்லாத சின்னச் சின்ன இசைத் துண்டுகள் பாட்டுகளின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். 'லவ்லெஸ்' மட்டும் கேட்டவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் சிடியின் பின்பாதிதான் அபூர்வங்களின் களஞ்சியம். 'இஸ்ன்ட் எனிதிங்' வினைலின் முதல் 5,000 பிரதிகளோடு 7 அங்குலத் தட்டு ஒன்று இலவசமாக வந்தது. அதிலிருந்த பெயரற்ற இரண்டு கருவியிசைகளும் இங்கே இருக்கின்றன. அந்தக் குட்டித் தட்டு சேர்ந்தே இருக்கும் பழைய பிரதிக்கு விற்பவர்கள் தனி விலை கேட்பார்கள். இசைக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். 'ஷுகர்', 'கிளைடர்' என்ற கருவியிசையின் முழு நீள வடிவம், அதுவரை வெளிவராத மூன்று பாட்டு, எல்லாம் இதிலேயே உண்டு.

இல்லாதது ஒன்று: டி.ஜே. ஆண்ட்ரூ வெதரால் 'சூன்' பாட்டுக்குச் செய்த ரீமிக்ஸ். அதற்கு மட்டும் 1990-ன் 12 அங்குலத் தட்டைத் தேடலாம். தேடத் தகுந்ததுதான்.

கேள்வி: 1985 முதல் 87 வரையிலான ஆரம்பப் பதிவுகள்?

குழு 1983-ல் டப்ளினில் தொடங்கியது. 1985-ன் முதல் மினி ஆல்பம் பெர்லினில் பதிவானது. பாடியவர் டேவ் கான்வே. பிலிண்டா புட்சர் சேர்ந்தது 1987-ல்தான். அதற்கு முந்தையதை வாங்கினால் பெயர் ஒன்று, இசை வேறு என்று ஏமாந்துபோவீர்கள். எல்லாவற்றையும் சேர்க்கிறவர் தவிர மற்றவர்கள் விட்டுவிடலாம். 1987-ல் லேஸி நிறுவனத்தில் வந்த 'ஸ்ட்ராபெரி வைன்', 'எக்ஸ்டசி' இரண்டும் இனிமையானவை. இரண்டையும் சேர்த்து லேஸி 1989-ல் 'எக்ஸ்டசி அண்ட் வைன்' என்று வெளியிட்டது. தனித்தனியாக வாங்குவதைவிட இது லாபம்.

கேள்வி: 'லவ்லெஸ்' 2012 பதிப்பில் இரண்டு சிடி. இரண்டிலும் ஒரே பாட்டுகள். எதற்கு?

ஒன்று பழைய டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து (இறுதி மூலப் பதிவிலிருந்து) எடுத்தது, மற்றது அரை அங்குல அனலாக் டேப்பிலிருந்து எடுத்தது. ஆனால் வட்டுகளின் மேல் அச்சிட்ட விவரம் இடம் மாறிவிட்டதாக அப்போதே விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனவே வட்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு கட்டாமல் இரண்டையும் கேளுங்கள். பழைய சிடி ஏற்கெனவே கையில் இருந்தால் இதற்காகச் செலவழிக்க அவசரமில்லை.

கேள்வி: 2013-ன் 'எம் பி வி'? அதற்கும் டீலக்ஸ்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். டொமினோ அச்சில் இந்த ஆல்பத்துக்கு மட்டும் டீலக்ஸ், சாதாரணம் இரண்டுமே முழு அனலாக். விலை குறைந்ததையே எடுங்கள். மிச்சப்படும் பணத்தில் 'வயர்' குழுவுக்கான 1996 அஞ்சலித் தொகுப்பு 'ஹோர்' கிடைக்கிறதா பாருங்கள். 'மேப் ரெஃப்' பாட்டை இவர்கள் பாடியிருப்பது அதில்தான். சிடியாகவே வாங்கினால் போதும்.