முட்டை நின்ற கோழி

வணக்கம்.

பண்ணையில் கழித்துவிட்ட நான்கு முட்டைக்கோழிகளை ஒரு மாதத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாதி உடம்பில் இறகில்லை. கொண்டை வெளுத்துத் தொங்குகிறது. கதவைத் திறந்து வைத்தாலும் கூட்டின் மூலையிலேயே நிற்கின்றன. வந்த புதிதில் தினமும் முட்டையிட்டவற்றில் இரண்டு அடியோடு நிறுத்திவிட்டன. எங்கள் கவனிப்பில் ஏதும் தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோழி சுறுசுறுப்பாக இருந்து நன்றாகத் தின்கிறது என்றால், முட்டை நின்றதற்காக வருந்தாதீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது.

கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டை இடும், அதுவும் குஞ்சு பொரிக்க. பண்ணைக்காக உருவாக்கிய இனம் 300 வரை இடுகிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். தீவனத்தில் கிடைப்பது போதாதபோது உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. இந்தக் கோழிகள் பலவற்றுக்கு மார்பெலும்பு முன்பே முறிந்து கோணலாகக் கூடியிருக்கும். அதனால் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. சிறகோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குங்கள். அடையும் கம்பைத் தாழ்வாக வையுங்கள்.

இறகு முளைப்பதற்குப் புரதம் நிறைய வேண்டும். அந்த நேரத்தில் முட்டை நிற்பது இயல்பு. கூட்டில் விளக்கு போட்டால் மறுபடி இடும் என்று யாராவது சொல்வார்கள். பண்ணையிலும் விளக்குப் போட்டுத்தான் பகலை 16 மணி நேரமாக நீட்டினார்கள். வேண்டாம், ஓய்வெடுக்கட்டும். பழகிய தீவனத்தையே கொடுங்கள். அலகு நுனியை வெட்டியிருந்தால் தரையில் இறைத்ததைப் பொறுக்கச் சிரமப்படும், ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

ஆனால் கோழி பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நின்றாலோ, வயிறு வீங்கினாலோ, முக்கினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். முட்டைப்பாதை நோய்கள் இவற்றுக்கு அதிகம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டு ஒன்றை இழந்தேன். இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம், வெளியே வராதது. பல பண்ணைக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நின்றவற்றுக்கு வானம் பயமாகத்தான் இருக்கும். விரட்டாதீர்கள். தீவனக் கிண்ணத்தை நாளுக்கு நாள் வாசல் பக்கம் நகர்த்துங்கள். வாசலுக்கு வெளியே, நிழலில், மண்ணில் புரண்டு குளிக்க ஒரு பெட்டி நிறைய உலர்ந்த பொலபொல மண் வையுங்கள். மண்ணையே பார்க்காமல் வளர்ந்த கோழிகூட வெறும் கம்பித் தரையில் படுத்து, இல்லாத மண்ணை அள்ளி இறகில் போட்டுக்கொள்வது போல அசையும். அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் வீட்டில் முதல் கோழி மண்ணில் இறங்கிய அன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்று பதறி ஓடிப்போய் எழுப்பிவிட்டேன். நீங்கள் எழுப்பிவிடாதீர்கள்.