ஸ்டீரொயிட் ஊசியும் மருதம்பட்டைக் கஷாயமும்: இதயம் காக்கப்படுமா?

தசைக்காக ஸ்டீரொயிட் ஊசி போடுவதை நிறுத்தாமல், நாள்தோறும் ஓடியும் மூலிகை குடித்தும் இதயத்தைப் பாதுகாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. முடியாது. அந்த நம்பிக்கையிலேயே நானும் மூன்று ஆண்டுகள் இருந்தேன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் பாரம் தூக்கிப் பயின்ற காலத்தில், அதிகாலையில் இரணைமடுக் குளக்கட்டில் ஓடுவேன். பரியாரியார் ஒருவர் சொன்னபடி மருதம்பட்டையை அவித்துக் குடிப்பேன். வெறும் வயிற்றில் உள்ளி தின்பேன். படியேறவே மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணம் சென்று எக்கோ (இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் ஸ்கேன்) எடுத்தேன். பிரஷர் 160/100 இருந்தது. இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு வழமையாக 55 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு அது 46 வீதம்.

இந்த மருந்து ஓரிடத்தில் மட்டும் கெடுப்பதில்லை. நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது (ஸ்டீரொயிட் குளிசைகள் இதில் இன்னும் மோசமானவை), கெட்டதைக் கூட்டுகிறது, செங்குழியங்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிப்பாக்குகிறது, அத்தோடு இதயத் தசையையே தடிக்கவும் விறைக்கவும் வைக்கிறது. ஓட்டம் இவற்றில் சிலவற்றை மட்டுமே, அதுவும் சிறிதளவே தொடுகிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளில், மாரடைப்புச் சேதத்திலிருந்து பயிற்சி தந்த பாதுகாப்பை நன்ட்ரோலோன் என்ற ஸ்டீரொயிட் குலைத்துவிட்டது. மனிதர்களில், 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று பாரம் தூக்கும் 140 ஆண்களைப் பரிசோதித்தது: ஸ்டீரொயிட் பயன்படுத்திய 86 பேரில் அந்தப் பங்கு சராசரியாக 52 வீதமாகவும், பயன்படுத்தாத 54 பேரில் 63 வீதமாகவும் இருந்தது. இரு பகுதியினரும் பயிற்சி செய்தவர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். பயன்படுத்தியவர்களுள்ளும், அப்போது ஊசியில் இருந்தவர்களுக்கு 49, விட்டிருந்தவர்களுக்கு 58.

மூலிகைகளுக்கு வருவோம். இதயம் பலவீனமான நோயாளிகளுக்கு மருதம்பட்டைச் சாற்றை 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வில் இதயத்தின் தள்ளும் திறன் கூடவில்லை. உள்ளி பிரஷரைச் சற்றுக் குறைக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவைக் கூட்டலாம். அதிமதுரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அது பிரஷரை ஏற்றி உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். அமுக்கராவால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஏற்கெனவே ஸ்டீரொயிட் குளிசையால் ஈரலை வருத்துபவருக்கு அது இன்னொரு சுமை. பரியாரியாரை நான் குறை சொல்லவில்லை, ஊசி போடுவதை அவரிடம் நான் மறைத்திருந்தேன்.

வைத்தியரின் மேற்பார்வையில் ஊசியை விட்டு, பிரஷர் மருந்தும் எடுத்து, 14 மாதங்களுக்குப் பின் எனக்கு 57 வீதம் வந்தது. எல்லோருக்கும் இப்படித் திரும்புவதில்லை. விட்ட முதல் மாதங்களில் உடலின் சொந்த ஹோர்மோன் சுரப்பு இன்னும் மந்தமாகவே இருந்து, சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும், பலர் மீண்டும் ஊசிக்குப் போவது அப்போதுதான் என்பதால் அந்தக் காலத்தைத் தனியே கடக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ வைத்தியர் தரும் பிரெட்னிசொலோன் வேறு வகை ஸ்டீரொயிட். அதை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது.

இந்த வாரமே பிரஷர், ஈசிஜி, கொலஸ்ட்ரோல், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்து, எக்கோவுக்கு நாள் எடுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எக்கோ முடிவு வரும்வரை குளக்கட்டில் ஓட வேண்டாம், மூச்சு வாங்காத அளவில் நடந்தால் போதும்.