கணினி கேள்வி–பதில்: ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விண்டோஸ் 11 கணினி வீட்டில் இருக்கிறது. மின் கட்டணம் கட்டுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, பேத்தியின் பாடங்கள் எல்லாம் அதில்தான். உடன் வந்த ஆன்டிவைரஸின் தவணை முடிந்த நாள் முதல் ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் தினமும் மிரட்டுகிறது. கடையில் மூன்றாண்டுக்கு 2,400 ரூபாய் கேட்கிறார்கள். இலவசமானதே போதுமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அந்த 2,400 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் கணினிக்கு ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடனேயே சேர்த்துத் தருகிறது. அதற்குச் சந்தாவும் இல்லை, தவணை முடிவும் இல்லை. தொடக்கத்தில் அதைப் பலரும் கேலி செய்தது உண்மைதான். ஆனால் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் போன்ற தனி ஆய்வுக்கூடங்கள் நடத்தும் சோதனைகளில் கடந்த சில ஆண்டுகளாக அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாக மதிப்பெண் வாங்கி வருகிறது. இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் அதன் கண்டறியும் திறன் சற்றுக் குறையும் என்பது ஒன்றே நான் சொல்லக்கூடிய குறை.

உங்களை மிரட்டுவது வைரஸ் அல்ல. காலாவதியான அந்தச் சோதனைப் பதிப்புதான். வேறொரு ஆன்டிவைரஸ் கணினியில் நிறுவப்பட்டிருக்கும்போது டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. தவணை முடிந்தால் அது மீண்டும் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், பழையதை முழுவதுமாக நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுவதே குழப்பமில்லாத வழி. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போய் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். முரண்டு பிடித்தால் அந்த நிறுவனமே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்தால் கேடயச் சின்னத்தின் மேல் பச்சை நிற டிக் தெரிய வேண்டும். அதற்குள் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்’ பகுதியில், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி இன்றையதாகவோ நேற்றையதாகவோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் பழைய தேதி நின்றால், பச்சை நிறத்தை நம்பாமல் அங்கேயே உள்ள அப்டேட் பொத்தானை அழுத்துங்கள்.

அதே பக்கத்தின் அடியில் ‘ரான்சம்வேர் புரொடக்‌ஷன்’ என்று ஒன்று இருக்கும். ரான்சம்வேர் என்பது உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அந்தப் பகுதியிலுள்ள ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்பதை விண்டோஸ் தானாக இயக்கி வைப்பதில்லை. நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டால், அறிமுகமில்லாத எந்த மென்பொருளும் உங்கள் ஆவணங்கள், படங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது திடீரென்று சேமிக்க மறுத்தால் பதற வேண்டாம். அதே இடத்தில் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடலாம்.

‘டிஃபெண்டரும் இருக்கட்டும், பாதுகாப்புக்கு இன்னும் இரண்டு இலவச ஆன்டிவைரஸும் இருக்கட்டும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே வாசலில் நிற்கும் மூன்று காவலாளிகள் திருடனை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். கணினி நத்தையாகிவிடும்.

கேள்வி: என் கணினி பத்தாண்டுப் பழையது. சர்வீஸ் கடையில் ‘ஒரிஜினல் மாதிரியே ஓடும்’ என்று சொல்லி விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார்கள். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றை வாங்கிப் போட்டால் பாதுகாப்பாக இருக்குமா? (வாசகர், வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: இருக்காது. உங்கள் கேள்வியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது.

முதலாவது, அந்த ‘ஒரிஜினல் மாதிரி’. உரிமம் இல்லாத விண்டோஸை இயங்க வைக்கும் ஆக்டிவேட்டர்களை டிஃபெண்டர் கண்டதும் பிடித்துவிடும் என்பதால், அவற்றைப் போடுபவர்கள் முதலில் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன்: கேடயத்தில் பச்சை டிக் அழகாக இருந்தது, ஆனால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற விலக்குப் பட்டியலைத் திறந்தால் சி டிரைவ் முழுவதையுமே சோதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சுவரை இடித்த கதைதான். உங்கள் கணினியிலும் அந்தப் பட்டியலை இன்றே பாருங்கள். கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருள்களுடன் சேர்ந்தே பரவிய ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம், படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு, உலகெங்கும் வீட்டுக் கணினிக்காரர்களைத்தான் அதிகம் அழ வைத்தது.

இரண்டாவது, விண்டோஸ் 10க்கான ஆதரவை, அதாவது அதன் ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் புதிய திருடர்களின் படங்களைக் காவலாளியிடம் கொடுப்பது வேறு, உடைந்த கொல்லைப்புறத் தாழ்ப்பாளை மாற்றுவது வேறு. 2017 மே 12 அன்று உலகையே உலுக்கிய வான்னாகிரை ரான்சம்வேர் எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்தவர்கள் தப்பினார்கள். ‘அப்டேட் செய்தால் கணினி மெதுவாகிறது’ என்று அதை நிறுத்தி வைத்தவர்கள் மாட்டினார்கள்.

உரிமமுள்ள விண்டோஸ் 10 என்றால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைப்பவர்களுக்கு அதில் இலவச வழியும் வைத்தார்கள். ஆனால் பத்தாண்டுப் பழைய கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அது இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும். பிரவுசர், கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவுக்கு மாறிவிடுங்கள். இரண்டும் இலவசம், சட்டப்படியானவை. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ்கள் அவற்றில் இயங்குவதும் இல்லை. எனக்குத் தெரிந்து, உங்கள் நிலையில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சிறந்த ஆன்டிவைரஸ் அதுதான்.

கேள்வி: சமையல் குறிப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ‘உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று வந்தது. மூட முடியவில்லை. பயந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டேன். என் ஆன்டிவைரஸ் ஏன் இதைத் தடுக்கவில்லை? (வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: அந்த எண்ணை அழைக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். அது வைரஸ் அல்ல. பிரவுசரில் திறந்த வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் தருவதில்லை. அடுத்த முறை எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்து முடித்துவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். திரையின் மூலையில் ‘உங்கள் ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது’ என்ற அறிவிப்புகளும் வருகின்றன என்றால், எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். பிரவுசர் செட்டிங்ஸில் அதை நீக்கினால் நின்றுவிடும். இத்தகைய எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகளின் கல்லூரி புராஜெக்டை அச்செடுக்கப் பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோனோம். திரும்பி வந்தால் உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன. ஃபைல்கள் போய்விட்டனவா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: பெரும்பாலும் போயிருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். இந்த வகை வைரஸ் உங்கள் ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. அதை இருமுறை சொடுக்கினால் முதலில் வைரஸும், அடுத்த நொடியில் உங்கள் ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் வழக்கம்போல இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். எனவே ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். பென் டிரைவின் மேல் வலது சொடுக்கி முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ பகுதியில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை இயக்குங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குள் போய், விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட ஃபைல்களை மறைக்கும் டிக்கை எடுத்தால் மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். புராஜெக்டை மட்டும் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளில் எத்தனையோ பேர் பென் டிரைவைச் செருகும் இடம் அது. இனிமேல் புராஜெக்டைப் பிடிஎஃப் ஆக்கிக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நம் நாட்டுத் தயாரிப்பு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (வாசகி, பண்ருட்டி)

பதில்: தாராளமாக வாங்கலாம். கே7 சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு. குவிக் ஹீல் புனே நிறுவனத்தின் தயாரிப்பு. சந்தேகம் வந்தால் தொலைபேசியில் ஒருவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களும், குழந்தைகள் பார்க்கும் தளங்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த விரும்புபவர்களும் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பலகாரக் கடையில் எடை போடுவது போல இதிலும் கணக்குப் பாருங்கள். முதலாண்டு விலை ஆசை காட்டும் விலை. இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலை பல நேரங்களில் அதைவிட அதிகம். எனவே அந்த இரண்டாவது விலையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எத்தனை கணினிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருப்பதை வைத்து ஒரு கணினிக்கு ஓராண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், வீட்டில் மூன்று கணினி இருப்பவர்களுக்கு மூன்று கணினிக்கான பெட்டி மலிவாக இருக்கும். ஒன்றே ஒன்று இருப்பவருக்கு அது வீண். கார்டில் கட்டினால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் நூறு ரூபாய்க்கு வரும் ஆன்டிவைரஸ் உரிமக் கீ வேண்டவே வேண்டாம்.

முற்றிலும் இலவசமாகத் தரும் வேறு நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றதாக எழுந்த புகாரில், அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது; அந்தத் துணை நிறுவனம் 2020இலேயே மூடப்பட்டுவிட்டது. அரசு வழியாகவே இலவசக் கருவி வேண்டுமானால், 2017இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் கணினியைத் துப்புரவு செய்யும் கருவிகள் கிடைக்கின்றன. அவை எப்போதாவது ஓட்டிப் பார்ப்பதற்கானவை. நிரந்தரக் காவலுக்கு அல்ல.

கேள்வி: ஆன்டிவைரஸுக்குச் செலவழிக்க வேண்டாம் என்றால், அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம்? (வாசகர், பாகூர்)

பதில்: வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில். ரான்சம்வேர் ஒருமுறை பூட்டிவிட்ட படங்களை, உலகின் விலை உயர்ந்த ஆன்டிவைரஸாலும் பெரும்பாலும் திறக்க முடியாது; இன்னொரு நகல் இருந்தால் கணினியைத் துடைத்துவிட்டு அன்று மாலையே வேலையைத் தொடரலாம். நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் கணினியைப் பூட்டும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கழற்றி வைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த காலையில், என் வீட்டுக் கூரை ஓடுகள் பறந்தன. கணினியும், நான் பொறுப்பாக நகலெடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் ஒரே மேசையில் ஒன்றாக நனைந்து கிடந்தன. அன்று முதல் ஒரு நகல் என் தங்கை வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்துவிட்டு வருகிறேன்.

கேள்வி: என் ஆன்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க வழி உண்டா? (கல்லூரி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: உண்டு. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்காகவே 68 எழுத்துகள் கொண்ட சோதனைக் ஃபைல் ஒன்றைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அது வைரஸ் அல்ல, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் உள்ள ஏற்பாடு. இறக்கிப் பாருங்கள். இறக்கும்போதே தடுக்கப்பட்டாலோ, திரையின் கீழ் மூலையில் எச்சரிக்கை வந்து ஃபைல் காணாமல் போனாலோ சரி. அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தால், மஞ்சக்குப்பம் வாசகருக்குச் சொன்ன கேடயத்தையும் வில்லியனூர் வாசகருக்குச் சொன்ன விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள்.