நூறு கோடி கார்டும் ராயபுரத்து பிஸ்கட் டப்பாவும்

கேள்வி: எனக்கு வயது 36. ராயபுரம். ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. ஸ்கூலில் பாஸ்கட்பால் ஆடியவன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்.பி.ஏ. (அமெரிக்க பாஸ்கட்பால் லீக்) வீரர்கள் படம் போட்ட கார்டு சேர்க்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது, நண்பர்களிடம் மாற்றிக்கொண்டது என்று முந்நூறு கார்டு தேறும். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஜோர்டனும் கோபியும் கையெழுத்துப் போட்ட ஒரு கார்டு நூறு கோடி ரூபாய்க்கு மேல் விற்றது என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ராபின்சன் பூங்காவில் கூடும் எங்கள் செட்டும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒருவன் "நம்ம கார்டுக்கும் விலை ஏறும்டா" என்று குதிக்கிறான். எங்களில் மூத்த அண்ணன், "இதெல்லாம் கார்டே இல்ல, கம்பெனிக்காரன் அடிச்ச லாட்டரி" என்கிறார். இன்னொருவன் "எல்லாம் கறுப்புப் பணம்" என்கிறான். எனக்கு ஏனோ எரிச்சல்தான் வருகிறது. இதற்கு நடுவில் என் மச்சான் (மனைவியின் தம்பி), "மாமா, சீட்டுப் பணம் மூணு லட்சத்தை எடுங்க, நானும் போடறேன். பிரிக்காத கார்டு பாக்ஸா வாங்கி வைப்போம், அஞ்சு வருஷத்துல எங்கேயோ போயிடும்" என்று நச்சரிக்கிறான். கார்டு சேர்ப்பது மனைவிக்குத் தெரியும். எவ்வளவு செலவழித்தேன் என்பது தெரியாது. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சென்னை-13

பதில்: எரிச்சல் வருவதில் தப்பே இல்லை. உலகம் முழுக்க உங்களைப் போலக் கைக்காசு போட்டுக் கார்டு சேர்ப்பவர்கள், ஒவ்வொரு சாதனை விலைக்கும் இப்படித்தான் முகம் சுளித்திருக்கிறார்கள். உங்கள் பூங்கா பெஞ்சில் நடக்கிற சண்டையும் புதிதில்லை. அந்த மூன்று பேரில் யார் பேச்சு உங்கள் பணத்தைத் தொடும் என்பதுதான் எனக்குக் கவலை. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

விற்றது என்ன என்று முதலில் பார்ப்போம். 2007-08 சீசனுக்கு அப்பர் டெக் கம்பெனி போட்ட எக்ஸ்க்விசிட் வரிசைக் கார்டு அது. பாஸ்கட்பால் நட்சத்திரங்கள் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரின் ஜெர்சியிலிருந்தும் என்.பி.ஏ. சின்னத்தை வெட்டியெடுத்துக் கார்டுக்குள் பதித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்படி அடித்ததே ஒன்றுதான். 2025 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் அது 1 கோடியே 29 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர்கள் மூன்று பேர். கூட்டாகப் பணம் போட்டார்கள். அமெரிக்க டிவியில் முதலீட்டாளராக வரும் கெவின் ஓ'லியரி அதில் ஒருவர். அதற்கு முந்தைய சாதனை 1952ஆம் ஆண்டு டாப்ஸ் மிக்கி மான்டில் பேஸ்பால் கார்டுடையது. 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலர். புதுக் கார்டு பழைய கார்டை முந்துவதும் இது முதல் தடவை இல்லை. 2020 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர் மைக் டிரவுட்டின் 2009ஆம் ஆண்டுக் கார்டு 39 லட்சம் டாலருக்கு விற்று, அதுவரை சாதனை வைத்திருந்த ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் கார்டை ஓரங்கட்டியது. அன்றைக்கும் பழைய ஆட்கள் கொதித்தார்கள்.

உங்கள் அண்ணனின் கோபம் அங்கிருந்து வருவது. அதில் பாதி நியாயம். வாக்னர் கார்டு 1909-11 காலத்தில் சிகரெட் பெட்டியோடு வந்தது. அதை அச்சடிப்பதும் சீக்கிரமே நின்றுபோனது. அந்தக் காலத்துப் பையன்கள் கசக்கி, தொலைத்து, குப்பையில் போட்டதும் போக, இன்றைக்குச் சில டஜன்தான் மிச்சம். 1952 மான்டில் கதை இன்னும் வேடிக்கை. விற்காமல் தேங்கிப்போன பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தக் கார்டுகளுக்குப் பஞ்சம் வரும் என்று யாரும் திட்டம் போடவில்லை. இப்போது வருகிற சில கார்டில் "ஒன்றில் ஒன்று", அதாவது அடித்ததே இது ஒன்றுதான் என்று கம்பெனியே எண் அடித்து விடுகிறது. பஞ்சமும் சேர்ந்தே அச்சாகிறது. அதே வீரருக்கு அடுத்த வருஷம் வேறு நிறத்தில், வேறு பளபளப்பில் இன்னொரு "ஒன்றில் ஒன்று" வரும். அண்ணனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் "கார்டே இல்லை" என்பது அதிகம். வாக்னர் கார்டு மட்டும் என்ன, சிகரெட் விற்க அடித்த விளம்பரம்தானே. கோபி 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். அவரும் ஜோர்டனும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட புதுக் கார்டு இனி வர வழியில்லை. அந்த ஒன்று தங்களுக்கு வேண்டும் என்று பணமுள்ள ஆட்கள் ஏலத்தில் மோதிக்கொண்டால், அதில் அண்ணனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கறுப்புப் பணம் என்கிற நண்பரை விட்டுவிடலாம். ஏலம் வெளிப்படையாக நடந்தது. வாங்கியவர்களில் ஒருவரான ஓ'லியரியே டிவியில் வந்து அதைப் பற்றிப் பேசினார். கையில் ஆதாரம் இல்லாத பேச்சு டீக்கடையோடு போகட்டும்.

குதிக்கிறாரே, அந்த நண்பர்தான் ஆபத்தானவர். மெட்ரோ வந்த புதிதில் உங்கள் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். வண்ணாரப்பேட்டையில் ஸ்டேஷன் வாசலை ஒட்டி ஒரு மனை நல்ல விலைக்குப் போனதாகப் பேச்சு கிளம்பியதும், ஆட்டோ நுழையாத சந்துக்குள் வீடு வைத்திருப்பவரும் அதே விலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். வாங்கத்தான் ஆள் வரவில்லை. நூறு கோடிக்கு ஏலம் கேட்ட ஆட்களில் ஒருவர்கூட நம் பிஸ்கட் டப்பாவை எட்டிப் பார்க்கப் போவதில்லை. சாதாரண கோபி கார்டு அன்றைக்கு என்ன விலையோ, ஏலம் முடிந்த மறுநாளும் கிட்டத்தட்ட அதே விலைதான்.

சும்மா சொல்லவில்லை. 1986இல் ஃபிளீர் கம்பெனி போட்ட ஜோர்டனின் ரூக்கி (அறிமுக காலத்து) கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செட்டில் அதற்கு ஆசைப்படாதவர் இருக்க மாட்டார். கார்டின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் அமெரிக்கக் கம்பெனி பி.எஸ்.ஏ. பத்துக்குப் பத்து கொடுத்த பிரதிகளே முந்நூறுக்கு மேல் உண்டு. 2021 ஜனவரியில் அதில் இரண்டு, தலா 7,38,000 டாலருக்குப் போயின. ஊரடங்கு, அமெரிக்க அரசு வீட்டுக்கு அனுப்பிய செக், ஜோர்டனைப் பற்றி வந்த ஆவணத் தொடர் எல்லாம் சேர்ந்து ஏற்றிவிட்ட விலை அது. அந்த மார்ச்சில், தரம் பார்க்க வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்தியது. மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் கொஞ்ச காலத்துக்குக் கடையில் கார்டு விற்பதையே நிறுத்தின. ஒரு கடையின் பார்க்கிங்கில் கார்டுக்காக நடந்த அடிதடியில் துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. மறு வருஷமே அதே ஜோர்டன், அதே பத்து, 2 லட்சம் டாலருக்கும் கீழே. உச்சத்தில் வாங்கியவர் என்ன ஆனார் என்று எந்தச் செய்தியிலும் தலைப்பு வரவில்லை.

சாதனை விலை எப்போதும் விற்றவர் கதையாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. மான்டில் கார்டை விற்றவர் 1991இல் அதை 50,000 டாலர் கொடுத்து வாங்கியவர். ஒரு அட்டைக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய பணம்! அதைக் கொடுத்துவிட்டு 31 வருஷம் அவரால் பொறுமையாக இருக்க முடிந்தது. அந்தப் பணம் அவர் வீட்டுச் சீட்டுப் பணமாக இருந்திருந்தால், முதல் காலேஜ் ஃபீஸுக்கே கார்டு கைமாறியிருக்கும்.

சரி, மச்சான் விஷயம். சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். "பிரிக்காத பாக்ஸ்" யோசனையும் புதிதில்லை. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும், அமெரிக்காவில் அப்பாக்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. எல்லோர் வீட்டிலும் இருப்பதை யார் வாங்குவார்கள்? அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு இன்றைக்கும் பெயர் "ஜங்க் வாக்ஸ்", அதாவது மெழுகுத்தாள் பொட்டலத்தில் வந்த குப்பை. அதில் பல பெட்டிகள் முப்பது வருஷம் கழித்தும் வாங்கிய விலையைத் தாண்டவில்லை.

நீங்கள் கிளியரிங் ஏஜென்சியில் இருப்பவர், உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை: பாக்ஸ் இங்கே வந்து சேரும்போதே கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் அதன் தலையில் ஏறியிருக்கும். விற்க வேண்டுமென்றால் திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்ப வேண்டும். ஏலக் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பேப்பரில் வரும் சாதனை விலையிலும் வாங்கியவர் ஏலக் கம்பெனிக்குக் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கிறது. விற்றவர் கைக்கு அத்தனையும் போகாது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ மூன்று லட்ச ரூபாய்ப் பாக்ஸை ரொக்கம் கொடுத்து வாங்க எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? மச்சானிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், போதும்.

இன்னொன்று. இப்போது "பிரேக்" என்று ஒன்று நடக்கிறது. முன்பணம் கட்டி ஒரு அணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யாரோ கேமரா முன்னால் பாக்ஸைப் பிரிப்பார். அந்த அணிக் கார்டு வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் ஒன்றுமில்லை. மச்சான் அடுத்து அங்கேதான் வருவார். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை மூடியபோது நிம்மதிப் பெருமூச்சு விட்ட குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். அண்ணன் "லாட்டரி" என்று திட்டினாரே, அந்த வார்த்தையை அவர் பிரேக்குக்கு வைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

மச்சானிடம் முகம் கோணாமல் மறுக்க வழி கேட்பீர்கள். "உன் அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நிஜமாகவே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மச்சான் இல்லை, எவ்வளவு செலவழித்தீர்கள் என்று மனைவிக்குத் தெரியாது என்கிற வரிதான். செலவை மறைத்து வைத்திருப்பதால்தான் நூறு கோடிச் செய்தி உங்களை இப்படிப் படுத்துகிறது. இத்தனை வருஷச் செலவுக்கும் ஒரு நியாயம் கிடைக்காதா என்று உள்ளுக்குள் தேடுகிறீர்கள், கிடைக்காதபோது எரிச்சல் வருகிறது. மொத்தக் கணக்கையும் ஒரு நாள் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். திட்டு விழும். விழட்டும்.

அப்புறம், அந்த பிஸ்கட் டப்பா. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கார்டுகளைச் சும்மா தகர டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். குரோம் கார்டு (பளபளப்பான மேல்பூச்சு உள்ளது) உப்புக் காற்றின் ஈரத்தில் வில் மாதிரி வளையும். டப்பாவைத் திறந்து ஒரு கார்டை மேஜைமேல் படுக்க வையுங்கள். தட்டையாகப் படுக்காமல் வளைந்து நின்றால் ஈரம் ஏறியிருக்கலாம். மெல்லிய உறையில் போட்டு, அதை டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையில் சொருகி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலமே ஆரம்பத்துக்குப் போதும், மழைக்காலத்தில் மாற்றுங்கள். பரண் வேண்டாம், மொட்டை மாடிச் சூடு இறங்கும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம்; 2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் ஏரியாவுக்கு மறந்திருக்காது. பீரோவில் நடுத் தட்டுக்கு மேலே எங்கேயாவது இடம் கேளுங்கள். அதற்கும் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படியே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு பெயர், வாங்கிய விலை, அதே கார்டு கடைசியாக நிஜமாக விற்ற விலை என்று மூன்று கட்டம். யாரோ இணையத்தில் கேட்கிற விலையை மூன்றாம் கட்டத்தில் எழுதாதீர்கள், விற்று முடிந்த விலை மட்டும். முந்நூறையும் எழுத வேண்டாம். பத்து ரூபாய் பெறாத கார்டுகளை "மற்றவை" என்று ஒரே வரியில் முடித்து, தெருவில் பந்து தட்டுகிற பையன்களுக்குக் கொஞ்சம் கொடுங்கள். விற்கவே மாட்டேன் என்கிற கார்டுகளுக்கு ஓரத்தில் ஒரு டிக். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு எது குப்பை, எது பணம் என்று தெரிய வேண்டாமா? எழுதி முடித்ததும், நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வையுங்கள். மச்சானிடம் சொல்ல வேண்டாம்.