நான்கு நாளில் ஏற்பு, திரும்பப் பெறக் கட்டணம்: என்ன செய்வது?

கேள்வி: எக்ஸ்ரே படங்களிலிருந்து நுரையீரல் நோயைக் கண்டறியும் கணினி முறை ஒன்றை முனைவர் பட்டத்துக்காக ஆராய்கிறேன். அறிமுகமான ஒருவர் சொன்ன ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். நான்கே நாளில் ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் கட்டணம் பற்றிச் சொன்னார்கள். சந்தேகம் வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அதற்கும் கட்டணம் உண்டு, கட்டாவிட்டால் வெளியிட்டுவிடுவோம், உங்கள் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம் என்கிறார்கள். இதே கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாமா? என் மேல் முறைகேட்டுப் புகார் வருமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். அதற்கு முன் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கட்டணம் மட்டும் கட்டாதீர்கள். வெளியிடுவதற்கும் சரி, திரும்பப் பெறுவதற்கும் சரி, சல்லிக்காசு கூடக் கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் அடுத்து 'செயலாக்கக் கட்டணம்' என்று வேறு பெயரில் வரும்.

முதல் வேலை, உங்கள் நெறியாளரிடம் இன்றே சொல்லிவிடுவது. பயமாகத்தான் இருக்கும். ஆனால் 'உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம்' என்று அடுத்து மிரட்டுவார்கள். நெறியாளருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்த மிரட்டலில் சரக்கே இருக்காது. அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறது என்றால் அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் எதுவும் செய்யவும் கூடாது.

அடுத்து கடிதம். இதுவரை அனுப்பிய மின்னஞ்சலில் 'தயவுசெய்து திரும்பப் பெற அனுமதியுங்கள்' என்று கெஞ்சியிருப்பீர்கள். இனி அனுமதி கேட்க வேண்டாம், அறிவியுங்கள். கட்டுரையின் தலைப்பு, அவர்கள் கொடுத்த கையெழுத்துப்படி எண், அனுப்பிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு நான்கு வாக்கியம் போதும். இந்தக் கட்டுரையை இன்றைய தேதியில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எந்தக் கட்டணமும் செலுத்தவில்லை, செலுத்தப் போவதும் இல்லை. இன்ன தேதியில் அனுப்பிய பதிப்புரிமைப் படிவத்தை ரத்து செய்கிறோம். இந்தக் கட்டுரையை வெளியிட எங்கள் சம்மதம் இல்லை. கட்டுரையை எழுதிய எல்லாருடைய பெயரும் கீழே இருக்கட்டும், எல்லாருக்கும் நகல் போகட்டும். இதழின் தளத்தில் பிரதம ஆசிரியர் என்று ஒரு பேராசிரியர் பெயர் போட்டிருந்தால், அவருடைய பல்கலைக்கழக முகவரியைத் தனியாகத் தேடி அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு.

ரத்துக் கடிதம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அது உங்கள் கவலை அல்ல. அடுத்த இதழின் ஆசிரியர் பார்க்கப் போவது கடிதத்தின் தேதியை. கட்டுரை வெளியாவதற்கு முன்பே நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஏன் உடனே வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது? ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களிடம் ஒரே கட்டுரை இருப்பது ஏறக்குறைய எல்லாத் துறையிலும் விதிமீறல். முதல் இதழ் போலி என்பதால் விதி தளர்ந்துவிடாது. அதோடு, நல்ல இதழ்கள் வரும் கட்டுரையை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்க்கும். போலி இதழ் இதற்குள் வெளியிட்டிருந்தால் உங்கள் கட்டுரையே உங்களைக் காட்டிக்கொடுக்கும். கடிதம் அனுப்பி இரண்டு வாரம் பொறுங்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் அவர்கள் தளத்தைத் திறந்து கட்டுரை இருக்கிறதா என்று பார்த்து, தேதியோடு திரைப்பதிவு எடுத்து வையுங்கள். பிறகு அனுப்பலாம்.

கறுப்புப் பட்டியல் மிரட்டலுக்கு வருவோம். ஆய்வாளர்களுக்கென்று உலகப் பொதுவான கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. இந்த உத்தியும் புதிதல்ல. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகக் குழுமத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டது. கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாதது, ஒப்புக்கொள்ளாதவர்களை ஆசிரியர் குழுவில் காட்டியது ஆகியவற்றோடு, கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்து வேறெங்கும் வெளியிட முடியாமல் செய்தது என்ற புகாரும் அதில் இருந்தது. 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. உங்களுக்கு வந்த மின்னஞ்சலும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது.

இதழின் பெயரையும் அனுப்பியிருந்தீர்கள். அதை இங்கே எழுதவில்லை, அச்சில் வந்தால் அதுவே அவர்களுக்கு விளம்பரம். வானியற்பியல், இயற்பியல், கணிதம், பொறியியல், மருத்துவம், சமூகக் கொள்கை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கியிருக்கிறார்கள். விண்மீன் வெடிப்பையும் முதியோர் ஓய்வூதியத்தையும் நான்கு நாளில் மதிப்பாய்வு செய்யும் ஆட்கள் எங்கே கிடைத்தார்கள்? பந்துகளை எப்படி அடுக்கினால் மிகக் குறைவான இடம் வீணாகும் என்ற கெப்ளர் கணிப்புக்குக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் கொடுத்த நிரூபணத்தைப் பன்னிரண்டு மதிப்பாய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்தும், 99 சதவீதம் உறுதி என்றுதான் சொல்ல முடிந்தது. 1998-இல் அறிவித்த நிரூபணம் அனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ் இதழில் வந்தது 2005-இல். எல்லாக் கட்டுரைக்கும் இவ்வளவு நாள் ஆகாது. ஆனால் நான்கு நாளில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

'ஸ்கோபஸில் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்களே' என்று கேட்டிருந்தீர்கள். போடுவதற்கு என்ன, யாரும் போடலாம். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களை அட்டவணைப்படுத்தும் தரவுத்தளம்; அதன் இதழ்ப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே பெயரால் தேடாமல், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் கொண்டு தேடுங்கள். இதழ் வந்தாலும் பக்கத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று இருப்பதைப் படியுங்கள்; பாதியிலேயே நீக்கப்பட்ட இதழ்கள் பழைய முத்திரையைக் கழற்றுவதே இல்லை. இதையும் தாண்டி ஒரு வலை உண்டு. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த வகைக் கடத்தல் இதழ்களுக்கென்று திரும்பப் பெறப்படும் ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் 2022 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். இதழுக்கான ஐஎஸ்எஸ்என், கட்டுரைக்கான டிஓஐ இரண்டும் வெறும் அடையாள எண்கள். தரச் சான்று அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் விஷயத்தில் உங்கள் இதழே மாட்டிக்கொள்கிறது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் எண் அது. அதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. 2023 ஜூன் வெளியீட்டிலிருந்து அவர்கள் தசமப் புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், 'நடப்பு ஆண்டு' என்று போட்டு மூன்று இலக்கம் இருக்கிறது. போதாததற்கு, 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் ஏதோ ஓர் அடைமொழி வேறு.

சரி, பணம் கேட்டாலே போலியா? இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும். உங்களைப் போல ஒரு முறை சூடு பட்டவர்கள் அப்புறம் நல்ல இதழ்களையும் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். வானியலில் அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் பல பத்தாண்டுகளாகவே பக்கக் கட்டணம் வாங்கியவை. அவற்றின் தரத்தை யாரும் குறை சொன்னதில்லை. 2022-இல் அவை முழுமையாகத் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும் முறைக்கு மாறின, கட்டுரையை எழுதியவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். பிரிட்டனின் அரச வானியல் கழகத்தின் இதழும் 2024 முதல் அந்த வழிக்கு வந்துவிட்டது. உயர் ஆற்றல் இயற்பியலில் ஏற்பாடே வேறு: ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் ஒருங்கிணைக்கும் ஸ்கோப்3 என்ற கூட்டமைப்பு 2014 முதல் நூலகங்களின் பணத்தைத் திரட்டி முக்கிய இதழ்களுக்குக் கொடுத்துவிடுகிறது, ஆசிரியருக்குச் செலவில்லை. கணிதத்தில் பெரும்பாலான பழைய இதழ்கள் ஆசிரியரிடம் எதுவும் கேட்பதில்லை. மருத்துவத்தில் பிளாஸ் மெடிசின் போன்றவை தொடக்கத்திலிருந்தே கட்டண இதழ்கள். ஆகவே கட்டணம் இருக்கிறதா என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அதை எப்போது சொன்னார்கள், வசூலிக்கும் பொறுப்பை யாரிடம் வைத்தார்கள் என்று பாருங்கள். நேர்மையான இதழில் தொகை தளத்திலேயே இருக்கும், கட்டுரையை அனுப்பும் முன்பே தெரியும். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு கேட்கப் பல இதழ்களில் வழி உண்டு. கட்டுரையைத் தேர்வு செய்யும் ஆசிரியருக்கும் பணம் வாங்கும் அலுவலகத்துக்கும் நடுவே சுவர் இருக்கும். விலக்கு வேண்டுமென்றால் கட்டுரை அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்ற பிறகு அல்ல. உங்கள் இதழில் தொகையே ஏற்புக் கடிதத்தில்தான் முதன்முதலாக வருகிறது.

இப்போது அந்த 'அறிமுகமானவர்'. நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அவர் மேல்தான் கண். இதழின் பெயர் சொல்லி, படிவம் அனுப்பி, 'சிறப்பிதழில் இடம் இருக்கிறது, சீக்கிரம்' என்று அவசரப்படுத்துபவர் நண்பர் அல்ல, தரகர். சிறப்பிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருங்கள். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் 'கட்டுரை ஆலைகள்' நுழைந்த முக்கிய வாசல் அதுதான்: விருந்தினர் ஆசிரியர், போலி மதிப்பாய்வு, மொத்தமாக ஏற்பு. 2023-இல் மட்டும், ஏற்கெனவே வெளியான 8,000-க்கும் அதிகமான கட்டுரைகளைப் பதிப்பகமே திரும்பப் பெற்றது, உரிமையாளரான வைலி அந்தப் பெயரையே கைவிட்டது. அவற்றில் பல முறையாக அட்டவணைப்படுத்தப்பட்ட இதழ்கள் என்பதையும் கவனியுங்கள். இந்தத் தரகர் அடுத்து உங்களிடம் 'இணையாசிரியர் இடம்' விற்க வருவார். நீங்கள் எழுதாத கட்டுரையில் உங்கள் பெயர், நீங்கள் எழுதியதில் முன்பின் தெரியாத நான்கு பேர். அந்தப் பக்கமே போக வேண்டாம். அவரோடு நடந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

போலி இதழ்களும் தரகர்களும் பிழைப்பது யாரால் என்றால், ஆய்வாளர்களை மதிப்பிடும்போது கட்டுரைகளைப் படிக்காமல் எண்ணிக்கை மட்டும் பார்க்கும் குழுக்களால். இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை 2013-லேயே வெளியாயிற்று. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் ஏராளம். அதில் சில, கையெழுத்துப் போட்ட கையோடு 'குறைந்தது இத்தனை கட்டுரை' என்று சுற்றறிக்கை விடுகின்றன. மாணவர் ஏமாந்தால் அவருக்கு ஒழுங்கு நடவடிக்கை, விதி போட்டவருக்கு ஒன்றுமில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் நிகழ்ச்சிக் குறிப்பில் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று மட்டும் வருகிறது.

இரண்டு வாரக் காத்திருப்பில் ஒரு வேலை செய்யலாம். இதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் ஆர்கைவ் முன்பதிப்புத் தளத்தில் உங்கள் கட்டுரையை ஏற்றுங்கள். பால் கின்ஸ்பார்க் 1991-இல் இயற்பியலாளர்களுக்காகத் தொடங்கியது, இப்போது கணினியியலும் படச் செயலாக்கமும் அங்கே தாராளமாக வருகின்றன. கண்டுபிடிப்பு உங்களுடையது என்பதற்குத் தேதியோடு பொதுச் சான்று கிடைக்கும், போலி இதழ் என்ன செய்தாலும் அது நிற்கும். முதல் முறை என்றால் ஏற்கெனவே அங்கே பதிவிட்டவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், நெறியாளரிடம் கேளுங்கள். ஏற்றிய பிறகு முழுவதுமாக அழிக்க முடியாது, ஆகவே பிழை பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அடுத்து அனுப்பப் போகும் இதழ் முன்பதிப்பை ஏற்கிறதா என்றும் அதன் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய இதழுக்கான முகப்புக் கடிதத்தில் எதையும் மறைக்காதீர்கள். இன்ன இதழுக்கு இன்ன தேதியில் அனுப்பினோம், இன்ன தேதியில் திரும்பப் பெற்றோம், கட்டணம் கட்டவில்லை என்று மூன்று வரி எழுதி, திரும்பப் பெற்ற கடிதத்தை இணையுங்கள். அவர்கள் மீறி வெளியிட்டிருந்தால் அந்த இணைப்பையும் நீங்களே கொடுத்து, சம்மதமின்றி வெளியானது என்று எழுதுங்கள். சில இதழாசிரியர்கள் அப்படியும் மறுப்பார்கள். மறுத்தால் அதே கடிதத்தோடு அடுத்த இதழுக்குப் போங்கள். முறைகேடு என்ற பேச்சு வருவது ஒளித்தவர்கள் மீதுதான்.